எனக்கு ஷ்லாஃப்ட்சிம்மர் இல்லை

போன மாதம் ஜெர்மன் வகுப்பில் ஒரு வீட்டுப்பாடம். "மைன் ஷ்லாஃப்ட்சிம்மர்", அதாவது என் படுக்கையறை. பத்து வாக்கியம் எழுதிக்கொண்டு வரணும். சனி ஞாயிறு பூதலூரில் ரயிலேறி தஞ்சாவூர் போய்ப் படிக்கிற ஏ1 வகுப்பு அது. பி.காம். படிக்கிறவனுக்கு எதுக்குடா ஜெர்மன் என்று கேட்கிற நண்பர்களுக்கு வேறொரு நாள் பதில் சொல்றேன். இப்போ படுக்கையறை.

உட்கார்ந்து எழுதினேன். உண்மையைத்தான் எழுதினேன். எங்கள் வீடு நாட்டு ஓடு போட்ட பழைய வீடு. வாசலில் திண்ணை, உள்ளே ரேழி, அப்புறம் கூடம், ஒரு சின்ன முற்றம், பின்னால் அடுப்படி. கூடத்தை ஒட்டி ஓர் 'உள்' இருக்கு. அதில் பீரோவும், சாப்பாட்டு நெல் மூட்டைகளும், அம்மாவின் பித்தளைப் பாத்திரங்களும் குடியிருக்கின்றன. மனுஷங்க நாங்கள் ஐந்து பேர் கூடத்தில் பாய் விரித்துப் படுப்போம். வெயில் காலத்தில் முற்றத்தை ஒட்டிய தாழ்வாரத்துக்கு மாறிவிடுவோம். வீட்டில் இருக்கிற ஒரே கட்டில் அப்பாயியின் கயிற்றுக் கட்டில். அது வாசலில், வேப்பமரத்தடியில் கிடக்கிறது. மழை வந்தால் மட்டும் திண்ணைக்கு ஏறும்.

எனவே என் முதல் வாக்கியம்: "இஷ் ஹாபெ கைன் ஷ்லாஃப்ட்சிம்மர்." எனக்குப் படுக்கையறை இல்லை. ஐந்தாவது வாக்கியம்: "டாஸ் பெட் ஷ்டேட் ஃபோர் டெம் ஹவ்ஸ்." கட்டில் வீட்டுக்கு முன்னால் நிற்கிறது.

இரண்டிலும் இலக்கணப் பிழை கிடையாது. இரண்டையும் சிவப்பு மையால் அடித்துக் கொடுத்தார்கள். "கட்டில் எப்படிங்க வீட்டுக்கு வெளியே இருக்கும்? பெட், ஷ்ராங்க், லாம்பெ, டிஷ், இதையெல்லாம் வெச்சு எழுதுங்க. இல்லாட்டி கற்பனை பண்ணி எழுதுங்க. தேர்வில் யாரும் உங்க வீட்டுக்கு வந்து பார்க்கப் போறதில்லை."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். ரயிலில் திரும்பி வரும்போதுதான் கடுப்பு ஏறியது. அந்தக் கடுப்புதான் இந்தக் கட்டுரை :-)

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கட்டில், அலமாரி, மேசை விளக்கு ஆகியவற்றின் ஜெர்மன் பெயர்களைச் சொல்லித் தரக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அங்கே போகிறவனுக்கு அவை கட்டாயம் வேணும். "டாஸ் ட்சிம்மர்" என்று தலைப்புப் போட்டு, படத்தில் இருக்கிற ஒரு ஜெர்மன் அறையைக் காட்டி, இதை விவரி என்று சொல்லட்டும், விவரிக்கிறேன். என் சண்டை "மைன்" என்ற ஒரே சொல்லோடுதான். என்னுடையது என்று சொல்லச் சொல்லிவிட்டு, என்னுடையதைச் சொன்னால் அடிப்பது என்ன நியாயம்?

இது நான் ஒருத்தன் மட்டும் அழுகிற அழுகை இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பாருங்கள். இந்தியாவில் நூறு குடும்பங்களில் ஏறக்குறைய 37 குடும்பங்களுக்கு மொத்தமே ஓர் அறைதான். தனி அறையே இல்லாதவை இன்னொரு 4. அந்த ஓர் அறைதான் கூடம், அதுதான் சாப்பாட்டு அறை, அதுதான் படிக்கிற இடம், ராத்திரி அதுதான் படுக்கை. இவர்கள் பிள்ளைகளெல்லாம் "மைன் ஷ்லாஃப்ட்சிம்மர்" எழுதினால், பாதிப் பேர் எழுதுவது பொய்யாகத்தான் இருக்கும். எங்கள் ஆடிட்டிங் பாடத்தில் சத்யம் கம்ப்யூட்டர்ஸ் கதை வரும். இல்லாத வங்கி இருப்பை இருப்பதாகக் கணக்கில் காட்டி வந்தது, 2009 ஜனவரியில் அம்பலமானது. இல்லாத சொத்தைக் காட்டாதே என்று கல்லூரியில் சொல்லிக் கொடுக்கிறார்கள். வார இறுதியில் இன்னொரு இடத்தில் இல்லாத கட்டிலைக் காட்டு என்கிறார்கள். நான் எதைப் படிக்க?

"சின்ன விஷயம், விடுடா" என்றான் வகுப்புத் தோழன். சின்ன விஷயம்தானா என்பதற்கு எங்கள் எதிர்வீட்டு அக்கா கதையைச் சொல்றேன்.

அக்காவின் புருஷன் ஜெர்மனியில் வேலை பார்க்கிறார். 2007இல் அந்த நாடு ஒரு விதி கொண்டுவந்தது. அங்கே இருக்கிற கணவனோடோ மனைவியோடோ சேர்ந்து வாழ விசா கேட்பவர், ஆரம்ப நிலை ஜெர்மன் தெரியும் என்று காட்ட வேண்டும். விலக்குகள் உண்டு, ப்ளூ கார்டு வைத்திருப்பவரின் துணைக்குத் தேவையில்லை, இப்படிச் சில. அக்கா அந்த விலக்குகளில் வரவில்லை. அதனால் கல்யாணமான கையோடு அக்காவும் ஒரு வகுப்பில் சேர்ந்தது. அங்கேயும் அச்சடித்த தாளில் பத்து வாக்கியம் கொடுத்தார்கள். என் அறை பெரியது. என் அறையில் ஒரு கட்டில் இருக்கிறது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு விளக்கு. அலமாரி பழுப்பு நிறம். அக்கா மாட்டைக் கறக்கும்போதுகூட அதை முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். தெருவுக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

ஏ1 பேச்சுத் தேர்வில் ஒரு பகுதி எப்படி என்றால், தேர்வு எழுத வந்தவர்களே ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ள வேண்டும். சீட்டில் ஒரு சொல் இருக்கும், அதை வைத்து ஒருவர் கேள்வி கேட்பார், மற்றவர் பதில் சொல்லணும். அக்காவின் எதிரே இருந்த பையன் கேட்டது ரொம்பச் சாதாரணக் கேள்வி: உன் வீட்டில் எத்தனை அறை?

அக்கா அப்படியே நின்றுவிட்டது. பத்து வாக்கியத்தில் அது இல்லை. எண்கள் தெரியாமல் இல்லை, நூறு வரைக்கும் தலைகீழாகச் சொல்லும். பிறகு என்னிடம் சொன்னது: "எதைடா அறைன்னு சொல்றது? கூடம் அறையா? ரேழி அறையா? நெல்லு கெடக்குற உள்ளு அறையா? யோசிச்சுக்கிட்டே இருந்தேன், நேரம் போயிடுச்சு." அதோடு குரலும் போய்விட்டது. மிச்சக் கேள்விகளுக்கும் வாய் வரவில்லை. கொஞ்சம் மதிப்பெண்ணில் போச்சு. மறுபடி பணம் கட்டி, மறுபடி தேதி வாங்கி, மறுபடி எழுதித் தேறுவதற்குள் நாலு மாசம் ஓடிவிட்டது. புதுசாகக் கல்யாணமான இரண்டு பேர் நாலு மாசம் வாட்ஸ்அப்பில் குடும்பம் நடத்தினார்கள்.

யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர், அக்காவிடம் அதன் சொந்த வீட்டைப் பற்றி ஜெர்மனில் முன்னாடியே கேட்டிருந்தால், அந்தக் கேள்விக்கு ஒரு பதில் தயாராக இருந்திருக்கும். மனப்பாடம் செய்த அறையில் நாலாவது வாக்கியம் மறந்தால் ஐந்தாவதுக்குப் போக வழி கிடையாது. பிறந்து வளர்ந்த வீடு என்றால் வாசலில் நுழைந்தால் போதும், கால் தானாகக் கொல்லை வரைக்கும் நடக்கும். ஒவ்வொரு அடியிலும் சொல்ல ஒரு பொருள் இருக்கும்.

இனி என் இரண்டாவது குற்றச்சாட்டு. உணர்ச்சியை விடுங்கள், இலக்கணத்துக்கே வருவோம். இந்தக் கற்பனை அறை ஜெர்மன் சொல்லித் தருவதற்கே லாயக்கில்லாத அறை.

படுக்கையறைப் பாடம் எதற்கு வைத்திருக்கிறார்கள்? சாமான் பெயர்களுக்காக மட்டும் இல்லை. எது எங்கே இருக்கிறது என்று சொல்லப் பழகத்தான். மேல், கீழ், பக்கத்தில், பின்னால், நடுவில். இதில் நம்மூர்ப் பிள்ளைகள் தடுக்கி விழுகிற இடங்கள் மூன்று. மூன்றிலும் நம்மைத் தள்ளிவிடுவது ஜெர்மன் இல்லை, நடுவில் வைத்துக்கொண்ட இங்கிலீஷ்.

ஒன்று, வினைச்சொல். இங்கிலீஷில் எல்லாமே 'இஸ்'. புத்தகம் மேசையில் 'இஸ்', வண்டி வாசலில் 'இஸ்', படம் சுவரில் 'இஸ்'. ஜெர்மனில் அப்படிச் சொன்னால் புரியும், ஆனால் அவர்கள் பேசுகிற பேச்சு அது இல்லை. படுத்துக் கிடப்பதற்கு 'லீகன்', நிற்பதற்கு 'ஷ்டேயன்', தொங்குவதற்கு 'ஹெங்கன்'. வகுப்பில் எல்லோரும் இதை ஏதோ புது அதிசயம் மாதிரி எழுதிக்கொண்டார்கள். அட மக்களே! "வண்டி வாசல்ல நிக்குது" என்று உங்கள் அப்பா சொன்னதில்லையா? "புஸ்தகம் மேல கெடக்கு பாரு" என்று அம்மா சொன்னதில்லையா? "சட்டை ஆணியில தொங்குது"? கிட, நில், தொங்கு. நம்ம வீட்டுப் பேச்சில் ஏற்கெனவே இருப்பதை இங்கிலீஷுக்கு மாற்றி, தொலைத்து, பிறகு ஜெர்மனில் தேடிக்கொண்டிருக்கிறோம்.

இரண்டு, இந்த 'மேல்'. தமிழில் எல்லாத்துக்கும் 'மேல்'தான், ஜெர்மனில் 'அவுஃப்' வேற 'யூபர்' வேற, அதனால் தமிழாளுக்குக் கஷ்டம் என்று சொன்னார்கள். தப்பு. மேசை மேல் புத்தகம், மேசைக்கு மேல் விளக்கு. 'க்கு' வந்தால் தொடாமல் உயரத்தில் இருக்கு, வராவிட்டால் தொட்டுக்கொண்டு இருக்கு. ஒரு 'க்கு'வில் நாம் செய்வதை அவர்கள் இரண்டு சொல்லில் செய்கிறார்கள், அவ்வளவுதான். இதை ஒரே நிமிஷத்தில் தமிழில் சொல்லியிருக்கலாம். யாரும் சொல்லவில்லை. எனக்கே ஒரு நாள் பூதலூர் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுதான் பொறி தட்டியது.

மூன்றாவதுதான் நிஜமாகவே கஷ்டமான இடம், இதில் தமிழ் கைகொடுக்காது. "மூலையில் இருக்கு", "மூலையில் வை". இரண்டுக்கும் நமக்கு 'இல்'தான். ஜெர்மனில் எங்கே இருக்கிறது என்றால் ஒரு வேற்றுமை, எங்கே கொண்டுபோய் வைக்கிறாய் என்றால் இன்னொரு வேற்றுமை. சும்மா இருக்கிற பொருளுக்கு 'இன் டெர் எக்கெ', மூலைக்குக் கொண்டுபோகும் பொருளுக்கு 'இன் டி எக்கெ'. இதைப் புரிய வைக்க என்ன வேண்டும்? இடம் மாறுகிற ஒரு பொருள் வேண்டும். கட்டில் இடம் மாறுமா? அலமாரி மாறுமா? கல்யாணத்துக்கு வாங்கிப் போட்டது பேரன் கல்யாணம் வரைக்கும் அங்கேயே நிற்கும்.

பாய் மாறும் சாமி!

எங்கள் வீட்டு முசிறிக் கோரைப்பாயை எடுத்துக்கொள்ளுங்கள். பகலில் சுருட்டி மூலையில் சாத்தியிருக்கும்: "டி மட்டெ ஷ்டேட் இன் டெர் எக்கெ", நிற்கிறது. ராத்திரி தரையில் விரித்தாச்சு: "டி மட்டெ லீக்ட் அவுஃப் டெம் போடன்", கிடக்கிறது. விரிக்கிற அந்த நேரத்தில்: "இஷ் லேகெ டி மட்டெ அவுஃப் டென் போடன்." காலையில் எடுத்து வைக்கும்போது: "இஷ் ஷ்டெலெ டி மட்டெ இன் டி எக்கெ." ஒரே பாய். நிற்பது, கிடப்பது, கிடத்துவது, நிறுத்துவது, இரண்டு வேற்றுமை, எல்லாம் இருபத்துநாலு மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. தினமும் வீட்டிலேயே பயிற்சி வேறு. சுருட்டும்போது ஒரு வாக்கியம், விரிக்கும்போது ஒரு வாக்கியம் என்று நான் சொல்லிக்கொண்டே செய்வதைப் பார்த்து, என் தம்பிக்கு நான் லூசாகிவிட்டேனோ என்று சந்தேகம்.

நடுவில், பின்னால், பக்கத்தில் என்ற மற்ற சொற்களுக்கும் எங்கள் வீட்டில் பஞ்சமில்லை. அறுவடை முடிந்து நெல் வந்த வாரத்தில் கூடத்திலேயே மூட்டை அடுக்கிவிடுவார்கள். அப்போது நான் மூட்டைகளுக்கு நடுவில் படுக்கிறேன், பூனை மூட்டைகளுக்குப் பின்னால் படுக்கிறது, அப்பா மூட்டைகளுக்குப் பக்கத்தில் கண்ணை மூடாமல் படுக்கிறார். அக்கா குழந்தைக்குக் கட்டும் தூளி உத்திரத்திலிருந்து தொங்குகிறது. எந்தப் பாடப் புத்தகத்துப் படத்தில் இவ்வளவு முன்னிடைச்சொல் கிடைக்கும்?

இன்னொரு வேடிக்கை. ஜெர்மனில் 'டெக்கெ' என்றால் வீட்டின் உட்கூரையும்தான், போர்வையும்தான். சித்திரை மாசம் நாங்கள் முற்றத்தில் படுக்கும்போது இரண்டு அர்த்தத்திலும் எங்களுக்கு டெக்கெ இல்லை. இதை எழுதியதற்கும் சிவப்புக் கோடு விழுந்தது, அது வேற விஷயம்.

'அவங்க நாகரிகம் அப்படி, தனி அறை அவங்க பழக்கம், நாம போகப்போறது அங்கே' என்று ஒரு வாதம் வரும். சரி, அவர்கள் பழக்கத்தையும் பார்த்துவிடுவோம். 1900ஐ ஒட்டிய காலத்தில் பெர்லின் தொழிலாளர் குடியிருப்புகளில் 'ஷ்லாஃப்கெங்கர்' என்று ஒரு வகை ஆட்கள் இருந்தார்கள். அறை வாடகைக்கு எடுக்கக் காசில்லாமல், இன்னொரு குடும்பத்தின் வீட்டில் ஒரு படுக்கையை மட்டும் சில மணி நேரத்துக்கு வாடகைக்கு எடுத்தவர்கள். ராத்திரி ஷிப்ட் போகிறவன் பகலில் தூங்குவான், பகல் ஷிப்ட்காரன் ராத்திரி அதே படுக்கையில் தூங்குவான். அந்தக் குடும்பமும் சமையல் நடக்கிற அதே இடத்தில்தான் படுத்தது. ஆளுக்கோர் அறை என்பது ஜெர்மன்காரனுக்கும் பிறவிக்குணம் இல்லை, கையில் காசு வந்த பிறகு வந்தது.

இப்போது அங்கே போகிறவனுக்கும் படுக்கையறை வர்ணனை எதற்கு உதவும்? அங்கே போய் இறங்கினால் முதல் வேலை வீடு தேடுவது. விளம்பரத்தில் இரண்டு 'ட்சிம்மர்' என்று போட்டிருந்தால் சமையலறையும் குளியலறையும் அந்தக் கணக்கில் சேராது. 'கால்ட்மீட்டெ' என்றால் வெறும் வாடகை, 'வார்ம்மீட்டெ' என்றால் சூடேற்றும் செலவு முதலியவை சேர்த்து. 'கௌட்சியோன்' என்பது முன்பணம், அது மூன்று மாத வெறும் வாடகைக்கு மேல் போகக் கூடாது என்று அவர்கள் சட்டமே சொல்கிறது. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கேட்டுப் பழகியவர்களுக்குக் கண்ணில் தண்ணீர் வரும். சமையலறை மேடையும் அலமாரியும்கூட இல்லாமல் வெறும் சுவரோடு வாடகைக்கு விடுகிற வீடுகள் அங்கே நிறைய. மாணவர்கள் பலர் 'வே.கே.' என்கிற பகிர்வு வீட்டில் ஓர் அறை எடுப்பார்கள், அங்கே இருப்பவர்கள் கூப்பிட்டுப் பேசிப் பார்த்துத்தான் சேர்ப்பார்கள். பலரோடு சேர்ந்து வாழ்ந்து பழக்கமா என்று அவர்கள் கேட்டால், கூடத்தில் ஐந்து பேரோடு வளர்ந்தவனுக்கு அது எவ்வளவு நல்ல கேள்வி! ஆனால் அவனை நாம் தனி அறையும் பழுப்பு அலமாரியும் ஒப்பிக்கத் தயார்படுத்தி அனுப்புகிறோம்.

இது இனி இரண்டு மூன்று பேர் பிரச்சினையாக இருக்கப் போவதில்லை. 2024 அக்டோபரில் ஜெர்மன் அரசு, இந்தியத் திறன் பணியாளர்களுக்கான விசாவை ஆண்டுக்கு 20,000இலிருந்து 90,000ஆக உயர்த்துவதாக அறிவித்தது. அதே ஆண்டு ஜூனில் தொடங்கிய 'சான்சன்கார்டெ' என்ற வேலை தேடும் அட்டைக்குக் குறைந்தது ஏ1 ஜெர்மன் அல்லது பி2 ஆங்கிலம் கேட்கிறார்கள். நர்சுகளுக்குப் பொதுவாக பி2 வரை ஜெர்மன் வேண்டும். எங்கள் வகுப்பிலேயே பாதிப் பேர் நர்சிங் முடித்த பெண்கள். டெல்டா ஊர்களிலிருந்து இன்னும் நிறையப் பேர் இந்தப் பாடத்தின் முன் உட்காரப் போகிறார்கள்.

ஒரு பழைய கதையோடு முடிக்கிறேன், ஏனென்றால் இது நம்ம ஊர்க் கதை. காவிரி கடலில் சேருகிற பக்கம், தரங்கம்பாடிக்கு 1706 ஜூலையில் சீகன்பால்கு வந்து இறங்கினார். தமிழில் ஒரு எழுத்து தெரியாது. ஒரு வயதான வாத்தியாரைப் பிடித்து, சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிப் படித்தார். பத்தே வருஷத்தில், 1716இல், அவர் எழுதிய தமிழ் இலக்கணம் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சாகிவிட்டது. அதற்கு நடுவில் அவரும் கூட்டாளி கிருண்ட்லரும் இன்னொரு காரியம் செய்தார்கள். இந்தப் பக்கத்துத் தமிழர்களுக்குக் கேள்விகள் அனுப்பி, உங்கள் வழக்கம் என்ன, நம்பிக்கை என்ன, எப்படி வாழ்கிறீர்கள் என்று கேட்டு, வந்த பதில் கடிதங்களை ஜெர்மனில் பெயர்த்து ஹாலேயில் அச்சுப் போட்டார்கள். மலபார் கடிதங்கள் என்று அதற்குப் பெயர். மதம் பரப்ப வந்தவர்கள்தான், அவர்கள் நோக்கம் வேறு, மறுக்கவில்லை. ஆனாலும் முந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஜெர்மன்காரன் நம்மிடம் கேட்டது 'நீ எப்படி வாழ்கிறாய்' என்று. இன்று நம் ஆட்கள் நம்மிடமே 'அதைச் சொல்லாதே' என்கிறார்கள்.

(போகிற போக்கில் ஒன்று. தஞ்சாவூர்ப் பக்கம் பழைய வீடுகளில் 'காமிரா உள்' என்று ஓர் அறை உண்டு. போர்ச்சுகீசியர் வழியாக வந்த சொல், மூலம் லத்தீன் 'காமெரா'. ஜெர்மனில் சின்ன அறைக்கு 'காமர்' என்று பெயர், அதற்கும் மூலம் அதே லத்தீன்தான். படுக்கும் அறையை 'ஷ்லாஃப்காமர்' என்றும் சொல்வார்கள். ஆக எங்கள் பாட்டன் வீட்டு அறையும் அவன் பாட்டன் வீட்டு அறையும் பங்காளிகள்.)

போன சனிக்கிழமை வீட்டுப்பாடத்தை மறுபடி எழுதிக் கொடுத்தேன். கட்டில் இன்னும் வாசலில்தான் நிற்கிறது. படுக்கையறை இன்னும் இல்லை. பாய், மூட்டை, தூளி, பூனை எல்லாம் உள்ளே. பத்துக்குப் பதில் பதினேழு வாக்கியம் வந்துவிட்டது. தாள் திரும்பி வந்தபோது ஒரே இடத்தில்தான் சிவப்பு மை. அவசரத்தில் 'இன் டெம் எக்கெ' என்று எழுதிவிட்டேன், மூலை பெண்பால், 'டெர்' என்று திருத்தியிருந்தார்கள். ஓரத்தில் பென்சிலால், தமிழில், ஒரு கேள்வி: "ரேழிக்கு என்ன எழுதலாம்?"

'ஃப்ளுர்' என்று எழுதலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். அது வீட்டுக்குள் நுழைந்ததும் வருகிற நடை. ஆனால் அங்கே யாரும் மத்தியானம் படுத்துத் தூங்க மாட்டார்கள்.